நிச்சயமில்லாத காலத்துக்கு ஆலைக் கணக்கை மாற்றுவது எப்படி: எல்லையோர நார் ஆலைகளை வைத்து ஒரு முழு வழிகாட்டி

தமிழ்நாடு-கேரள எல்லையை ஒட்டி, பொள்ளாச்சியில் இருந்து கோபாலபுரம், மீனாட்சிபுரம் தாண்டி கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வரைக்கும் இருக்கிற தேங்காய் நார் மில்களிலும் பித் பிளாக் (நார்த்தூளைக் கழுவிக் காயவைத்து அழுத்திய கட்டி) ஆலைகளிலும் கணக்கு பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கஞ்சிக்கோட்டில் வேறு சரக்கு செய்கிறவர்களும் எண்களை மாற்றிக்கொண்டு இதே வரிசையில் போகலாம்.

இது ஆடிட்டருக்குக் கொடுக்கிற கணக்கு இல்லை. ‘இந்த ஆர்டரை எடுக்கலாமா, மழைக்கு முன்னாடியே சரக்கு காயவைத்து அடுக்கலாமா, நார் விலை விழுந்துவிட்டதே, மில்லை ஓட்டலாமா நிறுத்தலாமா’ என்று முதலாளி கேட்கும்போது பதில் சொல்ல உதவுகிற நிர்வாகக் கணக்கு.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். சந்தை ஆட்டம் காணத் தொடங்கியதும் பட்ஜெட்டை இன்னும் நுணுக்கமாகப் போட ஆரம்பிக்கிறார்கள். இருபது வரி இருந்தது எண்பது வரி ஆகும், ஆனால் பார்ப்பது பழையபடி மாதம் முடிந்து இருபது நாள் கழித்துத்தான். தேங்காய் மட்டை விலை வாரத்துக்கு வாரம் மாறும்போது அந்த எண்பது வரி யாருக்கும் உதவாது. ஒரு செலவு எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு வேகமாக அதன் கணக்கும் வர வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இதை ஒட்டியே அமைந்தவை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது ஒரு வருடத்து உற்பத்திப் பதிவு வேண்டும், இரண்டு வருடம் கிடைத்தால் இரண்டு மழைக்காலங்களையும் ஒப்பிடலாம். டேலி கணக்கு சாஃப்ட்வேரில் இருப்பது போதாது. அதில் ரூபாய் இருக்கும், டன் இருக்காது. களத்தில் எத்தனை நாள் சரக்கு காய்ந்தது, எத்தனை நாள் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார்கள் என்பது சூப்பர்வைசரின் நோட்டில்தான் இருக்கும். அந்த நோட்டை முதலில் வாங்குங்கள்.

அப்புறம் பன்னிரண்டு மாத கரண்ட் பில், மட்டை லோடு வாரியாக வந்த சீட்டு, கன்டெய்னர் புக்கிங் வாரியான ஃபிரெய்ட் (கப்பல் கட்டணம்) பில், கையில் உள்ள ஆர்டர்களின் பட்டியல், வங்கியின் சிசி (கேஷ் கிரெடிட், அதாவது ஒரு வரம்புக்குள் எடுத்துத் திருப்பும் கடன்) கணக்கு அறிக்கை.

ஆட்களும் முக்கியம். முதலாளி, களத்தைப் பார்க்கிறவர், மட்டை வாங்குகிறவர், ஏற்றுமதிப் பேப்பர் பார்க்கிறவர் ஆகிய நாலு பேரையும் ஒரு முறையாவது ஒன்றாக உட்கார வைக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கணக்காளர் தனியாக அறைக்குள் உட்கார்ந்து போட்ட தாளை களத்தில் யாரும் நம்புவதில்லை. அவர்கள் நம்பாத தாளுக்குத் தகவலும் நேரத்துக்கு வராது.

2. எது தெரியவில்லை என்று மூன்றாகப் பிரிப்பது

‘நிலைமை சரியில்லை’ என்று ஒரே வார்த்தையில் சொன்னால் கணக்கில் எங்கேயும் வைக்க முடியாது. ஒவ்வொரு விஷயத்துக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன நடக்கும் என்று தெரியவில்லையா? நடந்தால் நம் ஆலைக் கணக்கில் எந்த வரியை எவ்வளவு பாதிக்கும் என்று தெரியவில்லையா? பாதித்தால் நாம் என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லையா?

ஏன் பிரிக்க வேண்டும் என்றால், மூன்றுக்கும் மருந்து வேறு. தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். எத்தனை நாள் களம் நனையும் என்பதுதான் தெரியாது. அதற்குப் பழைய நோட்டும் வானிலை அறிக்கையும் போதும். அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி என்று அறிவித்தபோது நடந்தது என்ன என்பதில் சந்தேகமே இல்லை. வாங்குகிறவர் அதில் எவ்வளவை நம் தலையில் போடுவார் என்பதுதான் தெரியவில்லை. அங்கே வானிலை அறிக்கை மாதிரி எதுவும் உதவாது, வாடிக்கையாளர் வாரியாக லாபம் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வகைக்கு நம் பக்கத்து உதாரணம் தென்னையேதான். கேரள வேர் வாடல் நோயும் வெள்ளை ஈயும் பொள்ளாச்சித் தோப்புகளை என்ன செய்திருக்கின்றன என்று பார்க்கிறோம். மட்டை வரத்து வரும் ஆண்டுகளில் குறையும் என்று அனுமானிக்கலாம், ஆலைக்கு என்ன ஆகும் என்பதையும் கணக்கிடலாம். எங்கே போய் மட்டை வாங்குவது, எவ்வளவு தூரம் வரை லாரி வாடகை கட்டும் என்பதுதான் விடை தெரியாத கேள்வி. இதற்கு மாதாந்திர அறிக்கையில் இடம் தேடாதீர்கள், தனித் திட்டமாக எடுத்துப் போடுங்கள்.

நாலு பேரையும் உட்கார வைத்து இந்தப் பட்டியலை எழுதினால் முப்பது விஷயம்கூட வரும். அதில் ஆறேழுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். லாபத்தை ஒரு மாதத்தில் புரட்டிப் போடக்கூடியவை மட்டும் போதும்.

3. ஒவ்வொன்றுக்கும் பார்க்கும் வேகத்தை நிர்ணயிப்பது

இதுதான் மிக முக்கியமான படி, பலர் தாண்டிப் போகிற படியும் இதுதான். மட்டை விலை லோடுக்கு லோடு மாறும். ஃபிரெய்ட் ஒவ்வொரு புக்கிங்குக்கும் மாறும். டாலர் தினமும் மாறும், ஆனால் நமக்கு அது பில் போடும் நாளிலும் பணம் வரும் நாளிலும்தான் முக்கியம். கரண்ட் கட்டணம் தமிழ்நாட்டுப் பக்கம் 2022 செப்டம்பரில் ஏறியது, அதன் பிறகு 2023, 2024, 2025 மூன்று வருடமும் ஜூலையில் ஏறியது. ஆக அதை வருடம் ஒரு முறை பார்த்தால் போதும், ஜூலையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒவ்வொரு விஷயத்துக்கும் பக்கத்தில் ‘தினம்’, ‘வாரம்’, ‘புக்கிங்குக்கு’, ‘மாதம்’, ‘வருடம்’ என்று ஏதாவது ஒன்றை எழுதுங்கள். வாரம் என்று எழுதியதை மாதக் கணக்கில் பார்க்கக் கூடாது. வருடம் என்று எழுதியதை வாரா வாரம் பார்த்து நேரத்தை வீணாக்கவும் கூடாது.

நிச்சயமின்மை அதிகமாக உணரும் மேலாளர்களுக்கு எந்த மாதிரித் தகவல் உதவுகிறது என்று 1986-ல் வெளியான செனால், மோரிஸ் ஆய்வு பார்த்தது. வெளியுலகத் தகவலும் ரூபாயில் அடங்காத தகவலும் சேர்ந்த அகலமான தகவல், கூடவே சீக்கிரம் வரும் தகவல் என்று விடை வந்தது. நம் ஆலைக்கு அதன் பொருள் ரொம்ப நேரானது. வாரத் தாளில் ரூபாய்க்குப் பக்கத்திலேயே வெயில் நாள், பிளாக்கின் ஈரப்பதம், கழுவிய பித்தின் இசி அளவு (அதில் உப்பு எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மின்கடத்துத்திறன்), துறைமுகத்தில் காலி கன்டெய்னர் கிடைக்கிறதா என்பதும் இருக்க வேண்டும். இவை முதலில் மாறும், ரூபாய் பிறகுதான் மாறும். இசி 0.5-க்குக் கீழே வேண்டும் என்ற வாடிக்கையாளருக்கு 0.8 சரக்கு தயாராகிறது என்றால் அடுத்த வாரம் மறுபடி கழுவும் செலவு வரப்போகிறது என்று இன்றைக்கே தெரிந்துவிடும்.

வாரத் தாளில் ரூபாய் எண்கள் தோராயமாக இருந்தால் பரவாயில்லை. சனிக்கிழமை மாலை கிடைக்கும் 95 சதவீதம் சரியான எண், அடுத்த மாதம் 20-ம் தேதி கிடைக்கும் முழுச் சரியான எண்ணைவிடப் பயனுள்ளது. கணக்குப் படித்தவர்களுக்கு இது மனதுக்கு ஒவ்வாத விஷயம், ஆனாலும் பழக வேண்டும்.

4. மாறும் செலவையும் மாறாத செலவையும் பிரிப்பது

அடுத்த படிகள் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. டேலியில் உள்ள தலைப்புகளை வைத்துப் பிரித்தால் தப்பாகிவிடும்.

கரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். உயரழுத்த இணைப்பு இருந்தால் பில்லில் யூனிட் கட்டணம் ஒன்று, டிமாண்ட் சார்ஜ் (ஒப்பந்தம் செய்த மின்திறனுக்கான கட்டணம்) இன்னொன்று. மழையில் மெஷின் நின்றாலும் ஒப்பந்தம் செய்த டிமாண்டில் பெரும்பகுதிக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும். ‘கரண்ட்’ என்று ஒரே தலைப்பில் போட்டு டன்னால் வகுத்தால், ஜூலையில் ஒரு டன்னுக்கான கரண்ட் செலவு கூடியது மாதிரி தெரியும், சூப்பர்வைசர் மேல் பழி விழும்.

கூலியும் அப்படித்தான். டன் கணக்குக்குக் கூலி வாங்குகிறவர்கள் மாறும் செலவு. வெளிமாநிலத்தில் இருந்து வந்து ஆலையிலேயே தங்கியிருக்கிறவர்களுக்கு மழை நாளிலும் சாப்பாடும் தங்குமிடமும் உண்டு, பல இடங்களில் பாதிக் கூலியும் உண்டு. அனுப்பிவிட்டால் திரும்பி வரமாட்டார்கள் என்பதால்தான் வைத்திருக்கிறோம். ஆகவே குறுகிய காலத்தில் அது மாறாத செலவு. களத்தில் ஒரு சுற்று சுற்றி வந்து, ‘நாளைக்கு வேலை இல்லை என்றால் இந்தச் செலவு நிற்குமா’ என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுப் பிரியுங்கள்.

டிரையர் வைத்திருக்கிறவர்கள் விறகைத் தனி வரியாக வையுங்கள். கோடையில் அது ஏறக்குறைய இல்லாத செலவு, மழையில் ஒரு டன்னின் லாபத்தையே தின்றுவிடக்கூடிய செலவு. வருடச் சராசரி போட்டால் இரண்டு பருவத்துக்கும் பொய்யான எண் கிடைக்கும்.

5. ஒரே மட்டையில் இருந்து வரும் இரண்டு சரக்கின் கணக்கு

நார் மில் வைத்திருக்கிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்கவும். மட்டையை அடித்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாரும் மூன்றில் இரண்டு பங்கு பித்தும் வரும். இரண்டுக்கும் செலவு ஒன்றுதான். அதை எப்படிப் பங்கு போடுவது என்பதில்தான் விலை ஆடும் காலத்தில் தப்பான முடிவுகள் பிறக்கின்றன.

கணக்குக்கு வசதியாக ஒரு எடுத்துக்காட்டு, எண்கள் நான் வைத்துக்கொண்டவை. பிரியும் வரை செலவு 9,000 ரூபாய். கிடைப்பது 300 கிலோ நார், கிலோ 20 ரூபாய். 700 கிலோ பித், கிலோ 6 ரூபாய். நாரில் 6,000, பித்தில் 4,200, மொத்தம் 10,200. லாபம் 1,200.

எடை வாரியாகச் செலவைப் பங்கு போட்டால் பித்தின் தலையில் 6,300 விழும், பித்தில் 2,100 நஷ்டம் என்று காட்டும். ‘பித் வேலையை நிறுத்திவிடலாம்’ என்று யாராவது சொல்வார்கள். நிறுத்தினால் 4,200 ரூபாய் வரவு போகும், 9,000 செலவில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

விற்பனை மதிப்பு வாரியாகப் பங்கு போட்டால் பரவாயில்லை மாதிரித் தெரியும். பித்தின் பங்கு சுமார் 3,706. இப்போது நார் விலை 14 ரூபாய்க்கு விழுகிறது என்று வையுங்கள். நாரிலும் 4,200, பித்திலும் 4,200. செலவு சரிபாதியாகி பித்தின் அடக்கம் 4,500 ஆகிவிடும். பித்துக்கு எதுவுமே நடக்கவில்லை, ஆனாலும் அதன் அடக்கவிலை கிட்டத்தட்ட 800 ரூபாய் ஏறிவிட்டது. அதைப் பார்த்து பித் விலையை ஏற்றிச் சொல்கிறவர் ஆர்டரை இழக்கிறார்.

அதனால் முடிவெடுக்க இந்தப் பங்கீட்டையே தொடாதீர்கள். இருப்பு மதிப்புக்கு ஆடிட்டருக்கு வேண்டுமானால் அது இருக்கட்டும். முடிவுக்கு இரண்டே கேள்வி. முதலாவது, மில்லை ஓட்டினால் இரண்டு சரக்கும் சேர்ந்து கொண்டுவரும் பணம், ஓட்டாவிட்டால் மிச்சமாகும் செலவைவிட அதிகமா? மேலே நார் விலை விழுந்த எடுத்துக்காட்டில் வரவு 8,400. 9,000 செலவில் 1,000 ரூபாய் மில் நின்றாலும் நிற்காத செலவு என்றால், ஓட்டுவதால் 400 ரூபாய் மேலே நிற்கிறது. ஆகவே கொஞ்ச காலத்துக்கு ஓட்டலாம். இரண்டாவது, பித்தை அப்படியே விற்பதா, கழுவி பிளாக் போட்டு விற்பதா? கூடுதலாக வரும் விலையையும் கூடுதலாக ஆகும் செலவையும் மட்டும் ஒப்பிடுங்கள். 9,000 ரூபாய் இந்தக் கேள்விக்குள் வரவே வராது.

இந்த இரண்டு கேள்விக்கான விடையை வாரா வாரம் புது விலையில் போட்டு வையுங்கள்.

6. உற்பத்திக்கு ஏற்ப வளையும் பட்ஜெட்

ஏப்ரலில் போட்ட பட்ஜெட்டை அப்படியே ஜூலை மாதத்தோடு ஒப்பிடுவதுதான் நான் அதிகமாகப் பார்க்கும் பிழை. பிளாக் ஆலை ஒன்றுக்கு இப்படி ஒரு பட்ஜெட் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 400 டன், டன் விலை 20,000, மாறும் செலவு டன்னுக்கு 14,000, மாறாத செலவு மாதம் 12 லட்சம். விற்பனை 80 லட்சம், மாறும் செலவு 56 லட்சம், லாபம் 12 லட்சம்.

ஜூலையில் 300 டன்தான் போனது. விற்பனை 60 லட்சம், மாறும் செலவு 43.5 லட்சம், மாறாத செலவு 12.2 லட்சம், லாபம் 4.3 லட்சம். பட்ஜெட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாறும் செலவில் 12.5 லட்சம் மிச்சம் என்று காட்டும். யாரோ சிக்கனமாக நடத்தியது மாதிரி இருக்கும்.

300 டன்னுக்கு பட்ஜெட்டை மறுபடி போடுங்கள். மாறும் செலவு 42 லட்சம், மாறாதது 12 லட்சம், லாபம் 6 லட்சம். இப்போது கதை தெளிவாகிவிடும். 12 லட்சம் 6 லட்சமானது அளவு குறைந்ததால், அதாவது மழையாலும் கன்டெய்னராலும். 6 லட்சம் 4.3 லட்சமானது அளவால் இல்லை, செலவு கூடியதால். இரண்டுக்கும் கேள்வி கேட்க வேண்டிய ஆள் வேறு.

இதே எண்களில் முட்டுவழி, அதாவது லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் நிற்கும் அளவு, 200 டன். ஒரு டன் 6,000 ரூபாய் மிச்சம் தருகிறது, 12 லட்சத்தை அதால் வகுத்தால் வருவது அது. இந்த எண்ணைப் பெரிதாக எழுதி வாரத் தாளின் மேலே வையுங்கள். மாதம் பாதி கடந்தும் 80 டன்னில் நிற்கிறோம் என்றால் என்ன பேச வேண்டும் என்று எல்லாருக்கும் புரியும்.

7. வெளியில் இருந்து வந்ததையும் உள்ளே நடந்ததையும் பிரிப்பது

மேலே மாறும் செலவில் 1.5 லட்சம் கூடியிருக்கிறது. அதை இன்னும் ஒரு முறை உடையுங்கள். அந்த மாதம் எல்லா ஆலைக்கும் பித் விலை டன் பிளாக்குக்கு 400 ரூபாய் அளவில் ஏறியிருந்தால், 300 டன்னுக்கு 1.2 லட்சம் சந்தையால் வந்தது. மீதி 30,000தான் சேதாரம், மறுபடி கழுவியது, அதிக விறகு என்று உள்ளே நடந்தது.

பழைய அளவுகோலை வைத்து 1.5 லட்சத்துக்கும் சூப்பர்வைசரைக் கேட்டால், அடுத்த மாதத்தில் இருந்து அவர் நோட்டில் உண்மையை எழுதமாட்டார். அது பெரிய இழப்பு, ஏனென்றால் முதல் படியில் சொன்ன எல்லாமே அந்த நோட்டின் மேல்தான் நிற்கிறது. 2008-09 உலக நிதி நெருக்கடியில் நிறுவனங்கள் பட்ஜெட்டை எப்படிப் பயன்படுத்தின என்று ஆராய்ந்தபோதும், பாதிப்புக்கு உள்ளான இடங்களில் திட்டமிடவும் பணத்தைப் பங்கிடவும் பட்ஜெட் கூடுதல் முக்கியத்துவம் பெற்றது, ஆட்களை மதிப்பிடும் கருவியாக அதன் முக்கியத்துவம் குறைந்தது. நம் ஊர் ஆலைக்கும் அது பொருந்தும் என்பது என் கருத்து.

அதற்காக எல்லாவற்றுக்கும் மழை மேல் பழி போட்டுத் தப்பிக்க விடவும் கூடாது. மழையால் மாறாத அளவுகளை வைத்துப் பாருங்கள். ஒரு வெயில் நாளுக்கு எத்தனை டன் காய்ந்தது, ஒரு டன்னுக்கு எவ்வளவு விறகு, நூறு பிளாக்கில் எத்தனை ஈரப்பதத்தால் ஒதுக்கப்பட்டது. வெயில் நாள் குறைவு என்பது வானத்தின் விஷயம், வெயில் அடித்த நாளில் களம் பாதி காலியாக இருந்தது என்றால் அது நம் விஷயம்.

8. உருளும் முன்கணிப்பு

மார்ச்சில் போட்ட வருடப் பட்ஜெட் வங்கிக்குத் தேவை, அதை வைத்திருங்கள். ஆனால் நடத்துவதற்கு உருளும் முன்கணிப்பு வேண்டும். ஒவ்வொரு மாதமும் முடிந்த மாதத்தை எடுத்துவிட்டு, முன்னால் ஒரு மாதத்தைச் சேர்த்து எப்போதும் ஆறு மாதம் கண்ணில் இருக்கும்படி வைப்பதுதான் அது. வருடப் பட்ஜெட்டில் டிசம்பர் வந்ததும் முன்னால் மூன்றே மாதம்தான் தெரியும். நமக்கோ டிசம்பரில்தான் அடுத்த மழைக்கு முன்பான இருப்பைப் பற்றி யோசிக்கவே ஆரம்பிக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கும் முழு விவரம் வேண்டாம். முதல் இரண்டு மாதம் வரிவரியாக, மீதி நாலு மாதம் டன், விலை, மிச்சம் என்று மூன்று வரி போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முன்கணிப்பும் இலக்கும் ஒன்றல்ல. இலக்கு என்பது நாம் அடைய விரும்புவது, முன்கணிப்பு என்பது நடக்கும் என்று நேர்மையாக நினைப்பது. இரண்டையும் ஒரே எண்ணாக வைத்தால், முதலாளி முகம் சுளிப்பார் என்று விற்பனை ஆள் நல்ல எண்ணையே எழுதுவார், அதை நம்பி மட்டை வாங்கிக் குவிப்பீர்கள். முன்கணிப்பு தப்பியதற்காக யாரையும் திட்டக் கூடாது. மறைத்ததற்குத் திட்டலாம்.

9. பதின்மூன்று வாரப் பணக் கணக்கு

‘கணக்குல லாபம் காட்டுதுங்க, கையில காசு நிக்கலையே’ என்று கேட்காத ஆலை முதலாளி இந்தப் பக்கம் இல்லை. மட்டைக்கும் கூலிக்கும் உடனே பணம், ஏற்றுமதிப் பணம் வர அறுபது, தொண்ணூறு நாள். கப்பல் சுற்றிப் போனால் இன்னும் தள்ளும். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கி கப்பல்கள் நன்னம்பிக்கை முனை வழியாகப் போக ஆரம்பித்தபோது, ஐரோப்பாவுக்கான பயண நாள் கூடியது, ஃபிரெய்ட்டும் ஏறியது. சரக்கு கைக்குப் போன பிறகுதான் பணம் என்று ஒப்புக்கொண்டவர்களுக்கு அந்தக் கூடுதல் நாட்கள் முழுக்க வட்டிதான்.

ஒரு தாளில் பதின்மூன்று வாரம் குறுக்கே எழுதுங்கள். தொடக்க இருப்பு, வரவு, செலவு, முடிவு இருப்பு, சிசி வரம்பில் மீதி. வரவில் பில் தேதியை எழுதாதீர்கள், அந்த வாடிக்கையாளர் வழக்கமாகப் பணம் அனுப்பும் தேதியை எழுதுங்கள். பில்லில் 60 நாள் என்று இருந்தும் 75 நாளில் தருகிறவர் 75-லேயே இருக்கட்டும்.

செலவுப் பக்கம் ஒரு விஷயம் பலருக்குத் தவறுகிறது. பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர்களிடமும் சேவை தருபவர்களிடமும் வாங்கினால், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளிலும் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும். தாமதமானால் அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் வரிக்குக் கழிக்க முடியும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டில் இருந்து வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று வந்த விதி இது. பணம் இறுகினால் சப்ளையருக்குத் தள்ளிப்போடலாம் என்ற பழைய வழக்கத்துக்கு இப்போது ஒரு விலை உண்டு, மார்ச் மாத வாரங்களில் அதைச் சேர்த்துப் பாருங்கள்.

10. நிகழ்வை வைத்த காட்சிகள், முன்கூட்டியே எழுதிய முடிவுகள்

விற்பனை பத்து சதவீதம் கூடினால், பத்து சதவீதம் குறைந்தால் என்று போடுவது காட்சி ஆகாது. உலகம் பத்து சதவீதமாக நகர்வதில்லை. ஒரு நிகழ்வை எடுங்கள். களம் தொடர்ந்து மூன்று வாரம் நனைகிறது. தூத்துக்குடியிலும் கொச்சியிலும் ஒரே நேரத்தில் கன்டெய்னர் தட்டுப்பாடு. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஒரு காலாண்டு நிறுத்துகிறார். ஒவ்வொன்றுக்கும் டன், விலை, மாறும் செலவு, பணம் வரும் நாள் நாலும் எப்படி மாறும் என்று ஆறாம் படியின் தாளிலேயே போட்டுப் பாருங்கள்.

சேர்ந்து வரக்கூடியவற்றைச் சேர்த்தே போடுங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளப் பக்கம் ரோடும் போனது, களமும் நனைந்தது, ஆட்களும் வர முடியவில்லை. தனித்தனியாகப் போட்ட மூன்று காட்சிகளும் தாங்கக்கூடியவையாகத் தெரியும், ஒரே மாதத்தில் மூன்றும் வந்தால் சிசி வரம்பு போதுமா என்பதே கேள்வி.

காட்சி போட்டதோடு நிறுத்தினால் பலன் பாதிதான். ஒவ்வொன்றுக்கும் எந்த எண்ணைத் தொட்டால், யார், என்ன செய்வது என்று ஒரு வரி எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். ‘நார் விலை இரண்டு வாரம் தொடர்ந்து 14-க்குக் கீழே இருந்தால் ஒரு ஷிப்டு நிறுத்தம், முடிவு மேனேஜர்.’ ‘ஃபிரெய்ட் விலை கேட்டு ஏழு நாளுக்கு மேல் ஆனால் பழைய விலையில் சிஐஎஃப் (கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த விலை) கோட் கிடையாது, எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலை) மட்டும்.’ நெருக்கடி வந்த பிறகு உட்கார்ந்து யோசித்தால் பயமும் பழைய நஷ்டமும் சேர்ந்து முடிவெடுக்கும். அமைதியான நாளில் எழுதிய வரி அந்த நேரத்தில் பெரிய உதவி.

மழைக்கு முந்தைய இருப்பையும் இதே முறையில் முடிவு செய்யலாம். 100 டன் பிளாக்கை டன் 14,000 அடக்கத்தில் மூன்று மாதம் வைத்திருந்தால் 14 லட்சத்துக்கு 11 சதவீத வட்டியில் 38,500 ரூபாய். கூடவே தார்ப்பாய், இடம், காப்பீடு. காய்ந்த பித் சீக்கிரம் தீப்பிடிக்கும், காப்பீட்டைச் சேர்க்காமல் இந்தக் கணக்கைப் போடவே போடாதீர்கள். மறுபக்கம், சரக்கு இல்லாமல் அந்த 100 டன் ஆர்டர் போனால் இழப்பது 6 லட்சம். ஆர்டர் போகாது, ஒரு மாதம் தள்ளித்தான் போகும் என்றால் 6 லட்சம் என்று எழுதாதீர்கள். இருப்பு வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இந்த இடத்தில்தான் எண்ணை ஊதிவிடுகிறார்கள்.

11. எல்லைக்கு இரு பக்கமும் ஆலை இருந்தால்

வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. ஒரே பான் எண் என்றாலும் இரண்டு மாநிலத்துக்கும் தனித்தனி ஜிஎஸ்டி பதிவு, ஒன்றில் இருந்து மற்றதுக்குச் சரக்கு போனால் அதற்கும் வரி பில். அந்த பில்லில் போடும் விலை வரிக்கானது. அதை வைத்து எந்த ஆலை லாபம் என்று முடிவு செய்யக் கூடாது, உண்மையான மாறும் செலவை வைத்துத் தனித் தாள் போடுங்கள்.

கரண்ட் கட்டணம், குறைந்தபட்சக் கூலி, ஹர்த்தால் நாட்கள், ஓணமும் பொங்கலும் இரண்டு பக்கமும் வேறு. ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் எத்தனை டன் கூடுதலாகச் செய்ய முடியும், அதற்கு லாரி வாடகை எவ்வளவு என்பதைக் காட்சித் தாளில் சேருங்கள். இரண்டு ஆலை இருப்பதன் உண்மையான பலன் அந்த வரியில்தான் தெரியும்.

12. தாளைக் கைவிடாமல் நடத்துவது

சனிக்கிழமை மாலை வாரத் தாள், ஒரே பக்கம். திங்கள் காலை நாலு பேரும் அரை மணி நேரம். மாதம் முடிந்து ஐந்தாம் நாளுக்குள் வளையும் பட்ஜெட்டும் முன்கணிப்பும். இந்தத் தேதிகள் தள்ளிப்போக ஆரம்பித்தால் விவரத்தைக் குறையுங்கள், தேதியைத் தளர்த்தாதீர்கள்.

ஒரே ஆளின் லேப்டாப்பில், அவருக்கு மட்டும் புரிகிற எக்ஸெல் ஃபைலாக வைக்காதீர்கள். மாற்றக்கூடிய எண்கள் எல்லாம் ஒரே ஷீட்டில், விலை மாறினால் ஒரு இடத்தில் மாற்றினால் போதும் என்கிறபடி இருக்கட்டும். ஃபார்முலாவுக்குள் 14,000 என்று நேரடியாக எழுதி வைத்துவிட்டு, விலை மாறிய பிறகு எங்கே எழுதினோம் என்று தேடுவது எல்லா ஆலையிலும் நடக்கிறது.

வருடத்துக்கு இரண்டு முறை, மே கடைசியிலும் டிசம்பரிலும், இரண்டாம் படியின் பட்டியலை எடுத்து மறுபடி பாருங்கள். இப்போது யாருக்கும் பயமில்லாத விஷயத்தை நீக்குங்கள், புதிதாக வந்ததைச் சேருங்கள், ஒவ்வொன்றின் வேகமும் மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். 2025-ல் தேங்காய் விலை உச்சத்துக்குப் போனபோது, மாதம் ஒரு முறை பார்த்துக்கொண்டிருந்த மட்டை விலையை வாரத் தாளுக்கு மாற்ற வேண்டியிருந்தது. விலை அடங்கினால் அதை மறுபடி மாதத் தாளுக்கே கொண்டுபோய்விடலாம்.